ஜீப்புப் பெட்டியில் பதினாலு சாமான்

இல்லண்ணே, அப்படியே தூக்கிட்டுப் போயிராதீங்க. கொஞ்சம் இருங்க. முதலாளி பெட்டியை வாங்கிட்டு வான்னுதான் சொல்லி விட்டாரு, சரிதான். பூட்டுகூட இல்ல, சும்மா கொக்கிதான். ஆனா தெறந்து பாக்காமக் கொண்டு போனா அது வெறுந்தகரம்ணே, பெட்டி இல்ல.

அந்தச் சாக்குல உக்காருங்க. கதவு தெறந்தே கிடக்கட்டும். எதுத்த வீட்டுல பாக்குறாகன்னு நீங்க கூச்சப்படாதீங்க, எனக்குத்தான் கூச்சம். ஆம்பளையாளுககிட்ட நான் இம்புட்டுப் பேசுனதே கிடையாது. முதலாளி வந்து நின்னாலும் கதவுக்குப் பின்னால நின்னுதான் பதில் சொல்லுவேன். இன்னிக்குப் பேசித்தான் ஆகணும். திங்கக்கிழமை காலையில நீங்க ஓட்டுற ஜீப்புல நானும்ல ஏறுறேன். ஆமா, ஏலத்தோட்டத்து வேலைக்குத்தான். இவளையும் தூக்கிக்கிட்டு. இவளுக்கு ஒம்பது மாசம் ஆகுது. செடிக்கு நடுவுல தொட்டில் கட்டிக்கோன்னு கங்காணி சொல்லிருக்காரு.

நீங்க தேவாரம் ஊருதான? காசிமாயன்னு பேரு சொன்னாரு முதலாளி. லாரி ஓட்டுனீகளாம்ல, கீழயே. அதுக்குத்தாண்ணே சொல்றேன். இவ அப்பா ஒண்ணு சொல்லுவாக, கீழ ஓட்டுறவனுக்கு வண்டி தெரிஞ்சாப் போதும், மலையில ஓட்டுறவனுக்கு மேகம் தெரியணும்னு. மலையடிவாரத்து முந்தல் ஊருல சூடம் பொருத்திட்டு ஏறுனா, மேல போடிமெட்டு போற வரைக்கும் கூப்பிட்ட குரலுக்கு ஆள் கிடையாது. ஒரு கொப்பு ஒடிஞ்சு விழுந்தாலும் நாமளேதான் வெட்டணும். பன்னெண்டு பொம்பளையாளு பின்னால உக்காந்திருப்போம், சோத்துத் தூக்கும் பிள்ளையுமா. அம்புட்டுப் பேருக்கும் இந்தப் பெட்டிதான்.

வருசத்துல ரெண்டு தடவை இதைக் கவுத்துக் கொட்டி எண்ணுவாக. வைகாசிக் கடைசியில ஒண்ணு, சாரல் எறங்குறதுக்கு முந்தி. புரட்டாசிக் கடைசியில ஒண்ணு, ஐப்பசி மழைக்கு முந்தி. இந்த வாசல்லயே எல்லாத்தையும் பரப்பி வச்சு, வெயில்ல காய வச்சு, தொடைச்சு, பழசை எடுத்துட்டுப் புதுசு வச்சு. அன்னிக்கு எங்க வீட்டுல பொங்கல் மாதிரி இருக்கும். இன்னிக்கு வைகாசி இருபத்தெட்டு. அதான் நானே காலையில எறக்கிக் காய வச்சேன்.

மூடியைத் தூக்குங்க. அது என் கையெழுத்துதான். வெள்ளைப் பெயிண்டுல, தென்னங்குச்சியை நசுக்கி எழுதுனது. சிரிக்காதீங்க, நாலாவது வரைக்கும்தான் படிச்சேன், றகரம் ரகரம் எனக்கு ஒண்ணுதான். மேல அவுக பேரு இருக்கு, நீங்களே படிச்சுக்கோங்க. ஆமா, சுருளிவேல். நான் சொல்லக் கூடாதுல்ல. எழுதலாம்னு அவுகளே சொல்லிட்டாக, எழுதுனா வாயில சொன்னதாகாதுன்னு.

அவுகளுக்குப் படிப்பே கிடையாதுண்ணே. பள்ளிக்கூடத்து வாசலை மிதிச்சதில்ல. அதனால இந்த எண்ணுற அன்னிக்கு நான் மூடியைப் பாத்து ஒண்ணொண்ணா வாசிக்கணும். அவுக அந்தச் சாமானைத் தொட்டுக்கிட்டு, உள்ளேன் டீச்சர்னு சொல்லுவாக. கயிறு. உள்ளேன் டீச்சர். அருவா. உள்ளேன் டீச்சர். ஜாக்கின்னு சொன்னா மட்டும் குரலைத் தடிமனாக்கி, பெரிய பையன் மாதிரி. எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும். தெருவுல என்னைய டீச்சரம்மான்னே கூப்பிட ஆரம்பிச்சுட்டாக. வெளிய தலை காட்ட முடியல.

சரி, வாங்க. நான் வாசிக்கிறேன். நீங்க டீச்சர்னெல்லாம் சொல்ல வேண்டாம். இருக்குன்னு சொன்னாப் போதும்.

வடக்கயிறு. என்னண்ணே, அங்கன பாத்தே இருக்குன்னுட்டீங்க. கையை வச்சுச் சொல்லுங்க. நல்லாப் புடிச்சு இழுத்துப் பாருங்க. போன மழையில நனைஞ்ச கயிறு உள்ளுக்குள்ள இத்துப் போயிருக்கும், பாக்கப் புதுசு மாதிரிதான் தெரியும். இது மாத்துனது. ம், இப்பச் சொல்லுங்க.

அருவா. நேத்துத்தான் சாணை புடிச்சு வாங்குனேன், விரலு பத்திரம். மம்பட்டி. பிடியைக் குட்டையா வெட்டிருக்கும், பெட்டிக்குள்ள அடங்கணும்ல. ஜாக்கி. அதுக்கு அடியில ஒரு பலகைத் துண்டு இருக்கா? அது எதுக்குன்னா, மேல ரோடு மழையில களியாக் கிடக்கும், ஜாக்கியை வெறுந்தரையில வச்சா வண்டி ஏறாது, ஜாக்கிதான் எறங்கும். பலகையைப் போட்டுத்தான் வைக்கணும். லாரியில பழகுனவுகளுக்கு இது தெரியாது. கோவிச்சுக்காதீங்க.

அஞ்சாவதா? அது இருக்கட்டும். கடைசியில வாசிக்கிறேன். எழுத்து அழிஞ்சதெல்லாம் இல்லண்ணே, நல்லாத்தான் தெரியுது. கடைசியில வரும்.

டார்ச்சு லைட்டு. அமுக்கிப் பாத்தீகளா, எரியல. எரியாது. செல்லைத் தனியாத் துணியில சுத்தி வச்சிருக்கேன், இந்தா. உள்ளயே போட்டு வச்சா செல்லு ஒழுகி, லைட்டையும் சேத்துத் தின்னுரும். இருட்டுல போட்டுக்கிறதுக்கு நாலு தடவை கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுப் பழகிக்கோங்க. அவுக என்னைய வச்சுப் பழகுவாக, நான் அவுக கண்ணைப் பொத்திக்கிட்டு நிப்பேன்.

தார்ப்பாய். விரிச்சுப் பாருங்க, வெளிச்சத்துக்கு நேரா. ஓட்டை தெரிஞ்சா சொல்லுங்க, தைச்சுத் தர்றேன். கம்பளி. அது கொஞ்சம் வாசம் அடிக்கும், ஏலக்கா காயப்போடுற புகை அறையில கிடந்தது. துவைக்கலண்ணே. எல்லாத்தையும் தொடைச்சேன், அதை மட்டும் துவைக்கல. துவைக்கணும்னாச் சொல்லுங்க, துவைச்சிர்றேன். வேண்டாமா. சரி.

இந்த மூட்டை உப்பும் புகையிலையும். அட்டைக்கு. அட்டையைப் பிச்சு எடுக்கக் கூடாது, இதைத் தண்ணியில நனைச்சு ஒரு ஒத்து ஒத்துனா தானா விழுந்துரும். புதுசா வர்ற பொண்ணுக அட்டையைப் பாத்து ஓடுற வண்டியில குதிக்கப் பாப்பாளுக, அதனால முன்னாலயே குடுத்துருங்க. பார்சோப்பு ஒண்ணு இருக்கு பாருங்க. குளிக்கவா? நல்லாக் கேட்டீங்க போங்க. கல்லு தெறிச்சு டேங்கு ஒழுகுச்சுன்னா, இதைப் பிசைஞ்சு அப்புனா ஊரு வந்து சேர்ற வரைக்கும் தாங்கும். அவுக அப்படி ஒருக்கா பூப்பாறையில இருந்து வந்து சேந்தாக. வந்ததும் வண்டியே இன்னிக்குத்தான் குளிச்சிருக்குன்னாக.

டிஞ்சர் பாட்டிலு, துணி. அது என் கல்யாணச் சேலைக்கு உள்ள கட்டுன பாவாடை, கிழிச்சது. சுத்தமாத் துவைச்சு வெந்நியில போட்டு எடுத்தது.

ஏ, குடு, குடு ஆத்தா, வாயில வைக்காத. பாத்தீகளா, அவளுக்கு இதுதான் வேணும். ஊதல். வீரபாண்டித் திருவிழாவுல வாங்குனது, சிவப்பு. மூடுபனி எறங்கிருச்சுன்னா லைட்டுப் போட்டாலும் வெள்ளையாத்தான் தெரியும், ரோடு தெரியாது. அப்ப ஒரு ஆளு எறங்கி முன்னால நடந்துக்கிட்டே ஊதணும். ஒரு ஊதலுன்னா வா, ரெண்டுன்னா நில்லு. இருளம்மாதான் எப்பவும் ஊதும். நீங்க பாத்திருப்பீக, உசரமா, காதுல தண்டட்டி போட்டிருக்குமே, அதுதான். கூட்டத்துக்குத் தலைவி மாதிரி. அது ஊதுனா போடிக்கே கேக்கும்.

பொரிகடலை, கருப்பட்டி. இதை மட்டும் மாசா மாசம் மாத்தணும். நானே பாத்துக்கிறேன், எறும்பு வந்துரும்.

என்னண்ணே கேட்டீங்க?

ம். ஊருல அப்படித்தான் சொல்றாக. ஆமா, கன்னையன்தான், ஒர்க்ஷாப்புல இருந்தவன். ஐப்பசி மழைக்கு முந்தி ஜீப்பு பிரேக்குச் சோலிக்காக நாலு நாளு அங்கன கிடந்துச்சுல்ல. அப்பத்தான் பெட்டியில இருந்த கட்டையை அவன் எடுத்துட்டான்னு பேச்சு. வேற வண்டிக்குக் குடுத்துட்டான்னு. முதலாளி அவனைச் சட்டையைப் புடிச்சு வெளிய தள்ளுனாராம். அவன் இப்ப கம்பத்துப் பக்கம் எங்கயோ கிடக்கான். அவன் ஆத்தா சந்தையில என்னையப் பாத்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டு ஒதுங்கிப் போகுது. பூவு வச்சிருக்கும் அது. என்னையப் பாத்ததும் முந்தானையைத் தலையில போட்டு அந்தப் பூவை மறைச்சுக்கும். எம்முன்னால அது குனியுதுண்ணே.

இருங்க, சொல்றேன். எல்லாம் வரும். கொஞ்சம் தண்ணி குடிக்கிறீகளா? அடுப்பு இப்பத்தான் அணைச்சேன், காப்பித்தண்ணி வேணும்னா வெரசா வச்சுருவேன். இப்ப வெறகுக்குப் பஞ்சமில்ல. காஞ்ச முள்ளு அந்த மூலையில அடைச்சு வச்சிருக்கேன் பாருங்க, கூரை வரைக்கும். பாக்குறவுக எல்லாம் கேக்குறாக, ஒத்தப் பொம்பளைக்கு எதுக்குடி இம்புட்டு வெறகுன்னு.

இவ பெறந்து நாப்பது நாள் இருக்கும்ணே அப்ப. புரட்டாசி. போன வருசம் மழை முந்திக்கிருச்சு, மூணு நாளா விடல. சுவரெல்லாம் ஊறி, வெறகெல்லாம் ஊறி, ஊதி ஊதி எனக்குக் கண்ணுதான் வீங்குச்சு, தீ புடிக்கல. மண்ணெண்ணெய்க்கு ரேசன் கடையில ரெண்டு நாளா இல்ல இல்லன்னாக. இவளுக்குச் சளி கட்டி, நெஞ்சு கர்ருகர்ருங்குது. வெந்நியில துணியை நனைச்சு ஒத்தடம் குடுன்னு சொல்லிட்டுப் போச்சு மருத்துவச்சி. வெந்நிக்கு எங்க போறது? பக்கத்து வீட்டுல போய்க் கேக்கணும்னா எனக்கு வாய் வராது. அப்படி ஒரு கூச்சம். அவுக ஜீப்புகூட ஒர்க்ஷாப்புல நிக்கிறாக, அந்த நாலு நாளும். ஆமாண்ணே, அதே நாலு நாளுதான்.

வண்டியை ஒர்க்ஷாப்புல விட்டா பெட்டியை வீட்டுல எறக்கிருவாக. அங்கன பத்துப் பேரு வர்ற போற எடம், எதுக்கு வம்புன்னு. தலையில வச்சுத் தூக்கிட்டு வந்து, இதே எடத்துல, இந்த மூலையிலதான் வச்சாக. முதலாளிக்குக்கூடத் தெரியாது. எங்க ரெண்டு பேருக்கும்தான் தெரியும்.

கட்டைன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியும்ல. மேட்டுல நிப்பாட்டுனா சக்கரத்துக்கு அடியில அணை குடுக்குறது. அவுக வேங்கை வேருல செதுக்குனாக, ஒரு பக்கம் சாய்வா, சக்கரம் அப்படியே உக்காந்துக்கிற மாதிரி. மழையில இத்துப் போகக் கூடாதுன்னு பழைய எஞ்சினு ஆயில்ல பதினஞ்சு நாளு ஊறப் போட்டு எடுத்தாக. கருகருன்னு இருக்கும். தொட்டா கையில பிசுபிசுன்னு ஒட்டும்.

அந்த மாதிரி ஒரு வெறகை நான் பாத்ததில்லண்ணே. ஒரு குச்சி காட்டுனேன். குப்புன்னு புடிச்சுச்சு. ஒரு அண்டாத் தண்ணி கொதிச்சுருச்சு. விடிய விடியக் கங்கு இருந்துச்சு. இவ மூச்சு எளகிப் போயி, அசந்து தூங்கிட்டா.

அவுககிட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன். வந்ததும் சொல்லணும்னு. வந்தாக, பிள்ளை முகத்தைப் பாத்துட்டு, அட, தெளிஞ்சுருச்சே, என்ன மாயம் பண்ணுன டீச்சருன்னாக. அப்பச் சொல்லிருக்கலாம். சோறு போடும்போது சொல்லிருக்கலாம். அவுக அடிக்கிற ஆளா இருந்தா, பயந்து சொல்லலன்னு மனசைத் தேத்திக்கலாம். ஒரு நாளு கை ஓங்குனதில்ல. சொல்லிருந்தா சிரிச்சிருப்பாக. கட்டையைக் கஞ்சி காய்ச்சிட்டியாடின்னு ஊரு பூராச் சொல்லிச் சிரிச்சுட்டு, ஒரு மணி நேரத்துல வேற செதுக்கிருப்பாக. அந்தச் சிரிப்புக்குத்தான் கூச்சப்பட்டேன்.

மறுநாளே வண்டி வந்துருச்சு. அன்னிக்கே ஆள் ஏத்தணும்னு முதலாளி சொல்லி விட்டுட்டாரு, கூட்டம் ஸ்டாண்டுல நிக்குதுன்னு. மதுரை ரயிலு ஊதிருச்சு, அம்புட்டு நேரமாயிருச்சு. எண்ணவே இல்ல இன்னும். அவுக வாசல்ல ஜீப்புக்குத் தார்ப்பாய் கட்டிக்கிட்டே உள்ள பாத்துச் சத்தம் போட்டாக, இன்னிக்கு நீயே வாசி, நீயே தொட்டு எடுத்து வை டீச்சரு, எனக்குக் கேட்டாப் போதும்னு.

நானும் வாசிச்சேன், பதினாலையும்.

மிச்சம் நான் பாக்கல. இருளம்மா சொன்னதுதான். பதினோராவது வளைவுல மண்ணு சரிஞ்சு கிடந்துச்சாம். வண்டி திணறி நின்னுருச்சு. எல்லாரும் எறங்குங்கத்தான்னு முதல்ல பொம்பளையாளுகளை எறக்கி ஓரமா நிக்க வச்சுட்டாக. இருளம்மா ஒரு கல்லைத் தூக்கிச் சக்கரத்துல வச்சிருக்கு. களியில கல்லு நிக்காது, இருங்க, கட்டையை எடுத்துட்டு வர்றேன்னு வண்டிக்குப் பின்னால போயிருக்காக. பெட்டி அங்கனதான, கடைசி சீட்டுக்கு அடியில. தெறந்து பாத்திருக்காக. கட்டை இல்ல. இல்லன்னா விட்டுட்டு வந்துருங்கண்ணே, இன்னும் ரெண்டு கல்லு போட்டுக்கிருவோம்னு இருளம்மா கத்திருக்கு. அவுக கேக்கல. ஒண்ணொண்ணா எல்லாச் சாமானையும் எடுத்து ரோட்டுல வச்சுட்டு, தலையைக் குனிஞ்சு அடியில தடவிக்கிட்டே, இருக்கும் இருளம்மா, எங்க டீச்சரு இருக்குன்னு சொன்னா இருக்கும்னு சொல்லிருக்காக. அப்பத்தான் கல்லு வழுக்கி வண்டி பின்னால வந்துருக்கு.

இருளம்மா இதை எங்கிட்டப் பெருமையாத்தாண்ணே சொல்லுச்சு. கடைசி வார்த்தையும் உம்மேல வச்ச நம்பிக்கைதான்டி, அம்புட்டுக் குடுத்து வச்சவடி நீன்னு, கட்டிப் புடிச்சு அழுதுச்சு.

கன்னையன் எடுக்கலண்ணே. உங்களுக்குத்தான் முத முதச் சொல்றேன். சனிக்கிழமை சந்தைக்கு வரும் அவன் ஆத்தா, அதுகிட்ட நானே போய்ச் சொல்லுவேன். அதுக்கு முந்தி நீங்க முதலாளிட்டச் சொல்றதுன்னாலும் சொல்லிக்கோங்க, நான் கோவிக்க மாட்டேன். வேலை குடுக்கலன்னாலும் சரி.

இந்தா, அந்தச் சாக்குக்குக் கீழ இருக்கு, நகருங்க. ரெண்டு செதுக்கி வாங்கிருக்கேன். ஆயில்ல முப்பது நாளு ஊறுனது. ரெண்டையும் ஒரு கயித்துல பிணைச்சிருக்கேன், ஒண்ணை மட்டும் யாரும் உருவ முடியாது.

வாசிக்கிறேன். அஞ்சாவது. கட்டை.

தலையை ஆட்டாதீங்கண்ணே. கையை வச்சுச் சொல்லுங்க.